கூட்டுக் கணக்கில் விழுந்த என் பாதி

பெயர் லோர்னா ஹாகன். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடச் சமையல்காரர். இருப்பிடம்: மொன்டானா மாநிலம், கிளெண்டைவ், லாண்டரிக் கடையின் பின்னறை. வரித்துறை விசாரணை அதிகாரி முன்பு நேரில் வந்து சொன்னது:

நானும் என் கணவர் வெர்னன் ஹாகனும் முப்பத்தொரு வருடம் கோதுமைப் பண்ணையில் சேர்ந்து வாழ்ந்தோம். அவர் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. கடைசிக் குளிர்காலத்தில் எங்களுக்குள் கோதுமை விலையைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. 2020 மார்ச்சில், வழக்கம்போல் சேர்ந்து வரிக் கணக்கைத் தாக்கல் செய்த மறுவாரம், அவர் டிராக்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கிளம்பி வந்துவிட்டேன். நான் இருக்கும் இடத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று என் அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

அதன் பிறகு கொரோனாவுக்காக அரசாங்கம் இருமுறை நிவாரணப் பணம் அனுப்பியதில் எனக்கு எதுவும் வரவில்லை. அதன் பிறகு அடுத்த வருடம், வாடகை வீட்டுக்கு முன்பணம் தேவைப்பட்டதால், நூலகத்தில் இலவசமாக வரிக் கணக்கு எழுதித்தரும் திருமதி ஓடெலிடம் போனேன். வராத நிவாரணத்தை வரிக் கணக்கில் கேட்டு வாங்கலாம் என்று அவர் சொன்னார்.

"ஒண்ணுகூடவா வரல? எதுக்கும் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்றார்.

"வரல, எழுதுங்க" என்றேன். ஆயிரத்து எண்ணூறு டாலர் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு துறை என் கணக்கைச் சரிபார்த்து, பணம் எங்கள் கூட்டு வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது, அதில் பாதி நான் பெற்றதாகவே கொள்ளப்படும், தெரிந்தே தவறாகக் கேட்டிருந்தால் அபராதம் என்று எழுதியது. அதன் பிறகு வெர்னனுக்கு போன் செய்தேன்.

"அடேயப்பா! உன்னப் பேச வைக்க வரி ஆபீசே வர வேண்டியிருக்கு" என்றார்.

"பணம் வந்துச்சா?"

"வந்துச்சு. உன் பங்கத் தொடல. அதக் கேக்கவாவது கூப்பிடுவேன்னு இருந்தேன்."

"வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க வந்து சொல்ல? உங்க அக்கா உன் ஊர் பேரக்கூடச் சொல்லல." பிறகு, "இன்னும் அந்தப் பழைய கோட்டுதானா? காலர் கிழிஞ்சிருந்துச்சே" என்று கேட்டார்.

கணவர் பணத்தை மறைத்திருந்தால் என் மேல் தவறு வராது என்று அதிகாரி விளக்கினார். வெர்னன் மறைக்கவில்லை. பணம் வந்தது எனக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்ட தொகையை நீக்கிவிடச் சம்மதிக்கிறேன். நான் முன்பணம் கட்ட இருந்த வாடகை வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அப்போ ஏம்மா முதல்லயே ஒரு போன் போடல?" என்று அதிகாரி கேட்டார்.

"அவர் குரலக் கேட்டிருந்தா திரும்பிப் போயிருப்பேன்" என்றேன்.

"இத எழுதணுமா?"

"எழுதிக்குங்க."

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அனைத்தும் உண்மை, திருத்த எதுவும் இல்லை.

(ஒப்பம்) லோர்னா ஹாகன்