தகப்பன் உள்ள ஆண் தேனீ

நுண்ணோக்கியின் கூர்மையும் நெஞ்சின் நேர்மையும் ஒருங்கே வாய்த்த நங்கையே! ஒஸ்லோவில் எங்கள் ஆய்வுகூடத்தின் ஒளியே! ஓய்வுபெறும் உதயகுமாரி அக்காவே, வணக்கம்! உங்களிடமே உங்கள் கதையைச் சொன்னால் "அது அப்பிடியில்லை" என்று இடைமறிப்பீர்கள். ஆகவே அவையோருக்கே சொல்கிறோம்.

சால்மன் மீனின் மரபணுக்களோடு மாரியும் கோடையும் கழித்தவர் அவர். தேனீப் பிரிவுக்கு மாறி வந்ததும் கேட்ட முதற்செய்தியே அவரைத் தடுமாற வைத்தது. கருவுறாத முட்டையில் பிறப்பதால் ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது. தாய் தந்த ஒற்றைத் தொகுதி மரபணுதான் உண்டு. "தகப்பன் இல்லை, ஆனால் தாயின்ரை தகப்பன் இருக்கிறாரோ?" என்று அன்று முழுதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அது தெளியுமுன்னே வெஸ்ட்லியிலிருந்து ஜோனாஸ் வந்தார். வெளிக்கலப்பு அண்டாமல் கறுப்புத் தேனீக்களைப் பல்லாண்டு பேணியவர். புழு வளரும் அடைகளில் பாதி அறைகள் வெறுமையாய்க் கிடக்கவே, நோயென்று எண்ணிக் கூடுகளை எரிக்கத் துணிந்திருந்தார்.

கிருமி எதுவும் அகப்படவில்லை. கருவுற்றதால் பெண்ணாகப் பிறக்கவேண்டிய முட்டைகளை அக்கா எடுத்து, கூட்டுக்கு வெளியே சூட்டுப்பெட்டியில் பொரிக்க வைத்தார். எல்லாம் பிழைத்தன. அறுத்துப் பார்த்தால் பாதி ஆண்! அந்த ஆண்களிடமோ இரு தொகுதி மரபணு!

"அக்கா, மாதிரிகள் கலந்திட்டுது போலை," என்றார் உடன் பணியாற்றும் சிந்துஜன்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கோணும்."

மறுபடி செய்தார்; அதே விடை. "தகப்பன் இருந்தால் பெண் எண்டினம். இதுக்குத் தகப்பனும் இருக்கு, விதைப்பையும் இருக்கு. எனக்கொண்டும் விளங்கேல்லை, தம்பி!" ஜோனாஸோ எரிக்கட்டுமா என்று தொலைபேசியில் நச்சரித்தார். "பொறுங்கோ" என்றுவிட்டு அக்கா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

கடைசியில் ஒரேயொரு மரபணுவில் விடை கிடைத்தது. அதன் இரு பிரதிகளும் வேறுபட்டால் பெண், ஒன்றேயானால் ஆண். உறவுக்குள்ளேயே கலந்ததால் ஒரே பிரதி இருபுறமும் வந்து சேர்ந்திருந்தது. அப்படிப் பிறந்த ஆண் புழுக்களைப் பொரித்தவுடனே வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிட்டன. அறைகள் வெறுமையானது அதனால்தான்; நோயே இல்லை!

ஸ்தவாங்கரிலிருந்து உறவில்லாத ஆண் தேனீக்களை வரவழைத்து, புதிய ராணிகளுக்கு விந்தேற்றத் தொடங்கினார். முதல் தேனீயை மெல்ல அழுத்த, உள்ளிருந்த உறுப்பு உட்புறம் வெளிப்புறமாகப் பிதுங்கி விரிந்தது. நுனியில் விந்து துளிர்த்தது. தேனீ அசைவற்றுப் போனது.

"செத்துப்போச்சோ?"

"ஓம் அக்கா. ராணியோடை கூடினாலும் அதுக்கு இதுதான்," என்றார் சிந்துஜன்.

அவர் அத்துளியை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டு, அடுத்ததைக் கேட்டார்.

மறு ஆண்டு அடைகள் நிறைந்தன. ஜோனாஸ் கண்கலங்கினார். அக்காவின் முகம் மட்டும் தெளியவில்லை. "தகப்பன் இல்லாத ஆணை ஊட்டி வளர்க்குதுகள், இருக்கிறதைத் தின்னுதுகள். ஏன்?" வாசனையால் அறிகின்றன என்றோம். "எப்பிடி எண்டு கேக்கேல்லை, ஏன் எண்டு கேக்கிறன்," என்றார்.

அன்பின் அக்காவே! கண்ணொளி குன்றாது, களிப்புக் குறையாது, நோய் நொடி நெருங்காது, கேள்விகளோடும் கேண்மையோடும் நெடுங்காலம் நிறைந்து வாழ்க! எங்களிடம் பதிலில்லை என்று தெரிந்தாலும் வந்து கேளுங்கள்.

தங்கள் பிரிவால் தடுமாறும்
ஆய்வுகூடப் பணியாளர்கள், ஒஸ்லோ