பேருக்குப் பக்கத்தில் வாள்

— பன்னு வேணாம்னா டீயாவது குடி. ஆறிப் போவுது பாரு.

— வேணாம் நைனா. பாண்டி பஸ் வர்ற வரைக்கும்தான் ஒக்காருவேன்னு சொன்னேன் இல்ல?

— ஏழு வருஷம் கழிச்சி செஞ்சிக்கு வந்துட்டு, பஸ்ஸையே பார்த்துக்கினு இருக்கற...

— உன்னப் பார்க்க வரல. பொண்ணுங்க ஸ்கூல்ல பேசக் கூப்ட்டாங்க, வந்தேன். கேட்டாண்ட நீ நிப்பன்னு எனக்கு இன்னா தெரியும்?

— மீனம்பாள் டீச்சரம்மாதான் சொல்லிச்சி. ‘உங்க ஜெயசுதா வருது, தொரக்கண்ணு’ன்னு. காலைலேந்து நிக்கறேன். ஒரு வாய் தண்ணி குடிக்கல.

— அப்ப நீ குடி இந்த டீய.

— பேச்சப் பாரு... அதே வாயி. மாறவே இல்ல.

— சரி, இன்னா வெசயம்? சொல்லு.

— மொதல்ல இப்டித் திரும்பி ஒக்காரு. அந்தச் செவுத்தப் பாரு.

— பார்த்துட்டேன். காலைல பஸ்ஸ வுட்டு எறங்கனதும் அதான் கண்ணுல பட்டுச்சி.

— எப்டி இருக்குது ஃப்ளெக்ஸு? பதினஞ்சு அடி! கட்சிக்காரன் பேனரக் கூட ஓரங்கட்டச் சொல்லிட்டேன்.

— பெருசா இருக்குது.

— ‘செஞ்சி மண்ணின் மகள், சிங்கவரம் துரைக்கண்ணு அவர்களின் புதல்வி, செல்வி ஜெயசுதா...’

— செல்வி.

— இன்னாம்மா?

— செல்வின்னு போட்டிருக்க நைனா.

— அது... பிரிண்டு போட்றவன் தப்பா...

— திருமதின்னு போட்டா, பின்னாடியே ஒருத்தர் பேரும் போடணும். அதான?

— வுடும்மா. ஒரு எழுத்துல இன்னா இருக்குது? கேளு... ஞாயித்துக்கெழம நம்ம ஊர்ல விழா. உங்க டீமுக்கு அந்த ஒலகப் பரிசு குடுத்தாங்கன்னு பேப்பர்ல வந்துச்சில்ல, அதுக்கு. மைக் செட்டு, மாலை, சால்வ எல்லாம் சொல்லியாச்சி. நீ வந்து மேடைல எம்பக்கத்துல நின்னா போதும். எம்மவளா நிக்கணும். அவ்ளோதான்.

— நான் வர்லன்னா?

— எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் ஊருக்குள்ள நடக்கறது?

— செத்தவளுக்கு எப்டி நைனா சால்வ போத்துவ?

— மெதுவா பேசு. பேக்கரிக்காரன் காது இங்கதான் இருக்குது.

— கேக்கட்டும். இதே செவுருதான? கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு. என் பத்தாவது ஃபோட்டோ, ரெட்ட ஜடையோட. மறைவுன்னு நீ போட்ட தேதி, நானும் எழிலனும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட தேதி.

— அப்ப... கோவம். வேற எவனாச்சும்னா கூட சரின்னு வுட்டிருப்பேன். தொண்டூர் காலனிப் பையன்னா ஊரு எங்கிட்ட இன்னா கேட்டிருக்கும்?

— ஊரு கேக்கும்னு உயிரோட இருக்கறவளுக்கு கருமாதி பண்ண.

— இப்ப எவனும் அதப் பேசறதில்ல. எவனாச்சும் கேட்டா, நமக்கு ஆவாதவன் எவனோ ஒட்டனதுன்னு சொல்லிட்டேன்.

— ஓ... கருமாதி சோறு போட்டதும் ஆவாதவனா?

— வுடு வுடு. பழசக் கிண்டாத.

— அம்மா எப்டி இருக்குது?

— அதான் மாட்டுக் கொட்டாய்ல போய் நின்னுக்கினு தெனம் உங்கூடப் பேசறாளே. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

— தெரியுமா உனக்கு?

— போன்ல ரீசார்ஜ் பண்றது யாரு?

— நீயா?

— சரி, இதச் சொல்லு. மேடைல நானும் ரெண்டு வார்த்த பேசணுமாம். பூமிக்கு அடில போயி இன்னாதான் பண்றீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— வட்டமா ஒரு சுரங்கம் நைனா. ஒரு சுத்து சுத்தனா, இங்கேந்து திண்டிவனம் போற தூரம் வரும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துகளுங்கள ரெண்டு பக்கமும் ஓட வுட்டு மோத வெக்கறோம்.

— மோதனா?

— அந்த மோதல்ல புதுசா ஒண்ணு பொறக்கும். பொறந்த ஒடனே செத்துடும். அத எந்தக் கண்ணாலயும் பார்க்க முடியாது. சுத்தி நாங்க கட்டி வெச்சிருக்கற டிடெக்டர்ல, அது செதறிப்போன தடம் மட்டும் பதியும். தடம் பதியற தகடு இருக்குதே, அதச் செஞ்சி, மாட்டி, பார்த்துக்கறது என் வேல.

— அப்ப செத்ததோட தடத்தப் பார்த்து, இருந்துச்சின்னு சொல்றீங்க.

— ஆமா. நீ இருக்கறதப் பார்த்தே செத்துடுச்சின்னு சொன்ன.

— எங்க சுத்துனாலும் அங்கயே வந்து நிக்கறியே!

— வேற எங்க நிக்கறது? உனக்கு ஒண்ணு தெரியுமா... உன் போஸ்டரு செஞ்சியோட நிக்கல. வாட்ஸப்புல போச்சி. எங்க டீம்ல ஒரு தமிழ்ப் பையன் பார்த்துட்டு, இங்கிலீஷ்ல எழுதி எங்க ஆபீசுக்கே அனுப்பிட்டான்.

— எது... வெளிநாட்டுக்கா?

— ஆமா. நானும் அவரும் அப்ப உன் ஆளுங்களுக்குப் பயந்து, போன அணைச்சிட்டு ஓசூர்ல பதுங்கிக் கெடந்தோம். அவங்க கூப்ட்டுப் பார்த்திருக்காங்க. எடுக்க ஆளில்ல. சரி, நெசந்தான்னு முடிவு பண்ணிட்டாங்க.

— அடக் கடவுளே...

— திரும்பி வேலைக்குப் போறேன்... என் மேச மேல பூவு. மெழுகுவத்தி. என்னப் பார்த்ததும் ஒருத்தி கத்திட்டே ஓடறா.

— ஹ... ஹஹ...

— சிரிக்கறியா நைனா?

— இல்லம்மா... தாங்க முடியல, வந்துடுச்சி.

— எனக்கும் அப்ப சிரிப்புதான் வந்துச்சி. வூட்டுக்குப் போனப்பறம்தான் அழுவ வந்துச்சி. நாங்க ஓசூர்ல பதுங்கிக் கெடந்த நேரம் பார்த்துதான் எங்க பெரிய கட்டுரயும் வெளிய போச்சி. இப்ப பரிசு குடுத்தாங்களே, அது.

— அதுலதான எம்பேரு இருக்குது! நெட் சென்டர் வீரமணி எடுத்துக் குடுத்தான். மூவாயிரம் பேருக்கு நடுவுல எம்பேரு!

— பாஸ்போர்ட்ல அப்பா பேருதான கடைசிப் பேரா போட்டாங்க? அதான் கட்டுரைலயும் வந்துச்சி. என் பேருக்கு ஒத்த எழுத்து. உன் பேரு முழுசா.

— ஜே. துரைக்கண்ணு. எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன். ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன்.

— அங்க என்ன ஜெயசுதான்னு கூப்புட ஆளில்ல. டாக்டர் துரைக்கண்ணுதான்.

— எப்டி? இன்னொரு தபா சொல்லு.

— டாக்டர் துரைக்கண்ணு.

— ஹ... வெள்ளக்காரன் சொல்றானா?

— சொல்றான். வாய்ல நுழையாம கஷ்டப்பட்டு சொல்றான். நீ என்ன தல முழுவிட்ட. நான் ஏழு வருஷமா உன் பேரச் சொன்னா திரும்பிப் பார்க்கறேன். ஏன் கண்ணத் தொடைக்கற?

— வெயிலு... மூஞ்சிலயே அடிக்குது.

— நைனா, போன்ல ஒரு மெயில் அடிச்சி வெச்சிருக்கேன். ரெண்டே வரி. அந்தக் கட்டுரைல இருக்கற உன் பேரு சம்பந்தமா. ரொம்ப நாளா அனுப்பாம வெச்சிருக்கேன். இப்ப உன்னப் பார்த்ததும் அனுப்பிடலாம்னு தோணுது.

— எம்பேர எடுத்துடப் போறியா?

— இல்ல. பேரு இருக்கும். உனக்கு நல்லதுதான்.

— அப்ப அனுப்பு, அனுப்பு.

— இரு. எழிலனும் நிலாவும் பாண்டில ரூம்ல இருக்காங்க. ஞாயித்துக்கெழம நான் வர்றேன். மூணு பேருமா வர்றோம். மூணு பேரும் உன் மேடைல நிக்கறோம். சரின்னு ஒரு வார்த்த சொல்லு.

— நிலாவா... புள்ள பேரு?

— ம். நாலு வயசு ஆவுது.

— யாரு மாதிரி?

— உன்ன மாதிரிதான். அந்த மொறக் காது, அந்த வீம்பு, எல்லாம்.

— ஹா... கூட்டியாம்மா. எந்தோள்லயே வெச்சிக்கறேன். கீழ எறக்க மாட்டேன்.

— எழிலன்?

— அவன்... கார்லயே இருக்கட்டும். மேட முடிஞ்சதும் நீ போயி...

— கார்ல.

— புரிஞ்சிக்கம்மா. பெரிய மனுஷனுங்க வர்றானுங்க. நாளைக்கு நான் அவனுங்களோடதான் இருந்தாவணும். நீயும் வா, புள்ளயும் வரட்டும். அவன் மட்டும் வேணாம்.

— அவரு வாங்குன டாக்டர் பட்டமும் என்னுதும் ஒண்ணுதான்.

— படிப்ப யாரு கேட்டா?

— சரி.

— சரியா? வர்றியா?

— இரு, போன எடுத்துக்கறேன்.

— அந்த மெயிலா?

— ஆமா... ஒரு தட்டு தட்டனா போதும். ஆச்சி.

— அனுப்பிட்டியா! எனக்குத் தெரியும், நீ எம்மவ. இங்க பாரும்மா... ஃப்ளெக்ஸுல கீழ பாரு. கட்டுரைல எம்பேரு எப்டி இருந்துச்சோ, அப்டியே பெருசு பண்ணிப் போடச் சொன்னேன். இங்கிலீஷ்லயே.

— பார்த்தேன்.

— பேருக்குப் பக்கத்துல வாளு! அதப் பார்த்தியா?

— பார்த்தேன்.

— எல்லாருக்கும் அது இல்லம்மா. மூவாயிரம் பேர்ல ஏழெட்டுப் பேருக்குத்தான். வீரமணி தேடித் தேடிப் பார்த்தான். செஞ்சிக் கோட்டக்காரன்னு தெரிஞ்சி போட்டிருக்கான் பாரு... தேசிங்கு ராஜா வாளு! தங்கக் கலர்ல அடின்னுட்டேன் நானு.

— அது வாளு இல்ல நைனா.

— பின்ன? மெடலா?

— கட்டுர வெளிய வர்றதுக்குள்ள யாராச்சும் செத்துட்டா, அவங்க பேருக்கு மேல அந்தக் கத்திக் குறியப் போடுவாங்க. இறந்துட்டாருன்னு அர்த்தம்.

— செத்தவங்களுக்கா?

— உன் போஸ்டரப் பார்த்துட்டுதான் போட்டாங்க. நான் செத்துட்டேன்னு.

— அப்ப... அது உனக்குப் போட்டதும்மா.

— எனக்குப் போட்டதுதான். ஆனா எந்தப் பேரு மேல போட்டிருக்கு? படி.

— துரை... துரைக்கண்ணு...

— பஸ்ஸு வந்துடுச்சி. நான் கெளம்பறேன்.

— நில்லும்மா! அதான் மெயில் அனுப்பிட்டியே. மாத்திடுவாங்க இல்ல? மாத்தறதுக்குத்தான அது?

— மாத்தறதுக்குத்தான் அடிச்சேன். ‘நான் உயிரோட இருக்கேன், அந்தக் குறிய எடுத்துடுங்க’ன்னு. ஏழு வருஷமா அவங்களும் ‘எழுதிக் குடு, எடுத்துடறோம்’னு கேட்டுக்கினுதான் இருக்காங்க. வேல தேடிப் போற எடத்துல எல்லாம், நீங்க செத்துட்டீங்களேன்னு என்னக் கேக்கறாங்க. இருந்தும் அனுப்பல, நீ பண்ணது அப்டியே கெடக்கட்டும்னு வெச்சிருந்தேன். இன்னைக்கி அனுப்பலாம்னு இருந்தேன்.

— அனுப்பிட்டேன்னு சொன்னியே!

— ஆச்சின்னு சொன்னேன். அழிச்சிட்டேன். ‘அவன் மட்டும் வேணாம்’னு சொன்ன பாரு, அப்பவே.

— ஜெயசுதா... ஊரே பார்க்குதேம்மா அத! இப்பவே போயி கிழிச்சிப் போட்டுட்டு வர்றேன்...

— கிழிக்காத நைனா, இருக்கட்டும். எனக்கு ஒட்டன அதே செவுருதான... அப்ப எனக்கு நீ ஒட்டன, இப்ப உனக்கு நீயே ஒட்டிக்கின.