எதிர்வீட்டு நோயாளி

மூக்கப் பொத்திக்கிட்டுப் பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க ரொகாத்துஸ் அண்ணே. நாத்தம் தாங்கல. மூணு நாளா உங்க விரிப்பக் கசக்குறேன், இன்னும் பழகல. பழகவும் போறதில்ல.

உங்க சம்சாரமா? அவங்க வரமாட்டாங்க. உங்களுக்கு வாந்தி ஆரம்பிச்ச அன்னிக்கே மெத்தையச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பியாச்சு. வேலைக்காரனுங்க உங்களத் தூக்கி வாசல்ல போட்டானுங்க, உசுரோட. நான்தான் திரும்ப உள்ள இழுத்துப் போட்டேன். கார்த்தேஜ் பட்டணம் பூரா இதே கததான். தெருவுல கெடந்து மொனகுறவனத் தாண்டித் தாண்டிச் சந்தைக்குப் போறாங்க. த்தூ.

எனக்கென்ன வந்துச்சுன்னா கேக்குறீங்க? எங்க சபை மூப்பர் சொல்லிட்டார்ணே. இயேசுவக் கும்புடுறவன், கும்புடாதவன்னு பாக்காம, கொள்ளைநோய்ல கெடக்குற யாரா இருந்தாலும் எடுத்துப் பாத்துக்குங்கன்னு. நம்மாளுக்கு மட்டும் செஞ்சா அதுல என்ன பெருமைன்னார். சொல்றது லேசு, அவரா பீ அள்றாரு? சரி, பொய் சொல்லக் கூடாது. அள்றாரு. பக்கத்துத் தெருவுல.

எங்க பொம்பளைங்க சில பேர் இருக்காளுக. வாசல்ல நின்னே ரொட்டியத் தூக்கிப் போட்டுட்டு, பெரிய சேவை செஞ்ச மாதிரி கண்ண மூடி ஜெபம் வேற. அதப் பாக்குறதுக்கு இந்த வாந்தியே தேவலாம்.

வாயத் தொறங்க. பார்லிக் கஞ்சிதான். மெதுவா.

எங்க வீட்டுக்காரரா? மிக்கின் இருந்திருந்தா, மூஞ்சி சுளிக்காம இதெல்லாம் செஞ்சிருப்பாரு. எனக்கு அந்த மனசு இல்ல. எல்லாரும் கோயில்ல பலி குடுக்கணும்னு சக்கரவர்த்தி உத்தரவு போட்டப்ப, மாட்டேன்னு எங்க பரண்ல ஒளிஞ்சிருந்தாரே. புடிச்சிட்டுப் போனாங்க. ஜெயில்லயே போய்ச் சேந்துட்டாரு. உங்களுக்குத் தெரியாததா.

ஏன் அழுறீங்க? பொரையேறிடும்.

தெரியும்ணே. சிப்பாய்ங்க தெருவுல விசாரிச்சப்ப, நீங்க எங்க பரணக் கை காட்டுனத ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் நின்னேன். மொத நாள் மூப்பர் சொல்லியெல்லாம் வரல. நீங்க சாகுறதப் பாக்கத்தான் வந்தேன். வாசல்ல கெடந்து, தண்ணின்னு கேட்டீங்க. சனியன், கை தன்னால போயிருச்சு.

இப்பவும் உங்களத் தொட்டா ஒடம்பு கூசுது. நோவுனால இல்ல.

அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க, முதுகு தொடைக்கணும்.