கடை முகவரிக்கு வந்த கடிதம்

எனக்குச் சேலை மடிக்க வராது. மாத்தளையில் புடவைக்கடை வைத்திருப்பவன் இதை வெளியே சொல்லக்கூடாதுதான். நான் மடித்தால் அது தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். கடை ஓடுவது சிவநந்தினியால்.

நாங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். பட்டம் கைக்கு வந்ததும் நான் ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் வியாபாரம், மறுபக்கம் ஆசிரியத் தொழில் என்று எழுதி ஒரு வாரம் யோசித்தேன். சமூகம், மலையகம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று கனமான சொற்களாக எழுதினேன். கடைசியில், ஆசிரியரென்றால் விடிய எழும்ப வேண்டியிருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வியாபாரத்தைத் தேர்ந்தேன். சிவநந்தினி தாளெல்லாம் எடுக்கவில்லை. எல்கடுவயில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை; அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். நியமனம் கிடைக்கும்வரை என் கடையில் நின்றாள்.

அவள் குடும்பம் இருக்கும் லயத்து வீட்டுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே ஆசிரியர் போட்டிப் பரீட்சை விண்ணப்பத்தில் என் கடை முகவரியைப் போட்டாள்.

நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதத்தைத் தபால்காரர் மாடசாமி என் கையில்தான் கொடுத்தார். அவள் உள்ளே ஒரு கலியாண வீட்டாருக்குக் கூறைச்சேலை காட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு சேலை எடுத்தார்கள். நான் காட்டியிருந்தால் ஒரு கைக்குட்டை போயிருக்கும். நாளைக்குக் கொடுக்கலாம் என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். திகதி போன பிறகு கொடுப்பதில் அர்த்தமில்லை என்பதால் எரித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கடிதம் அனுப்பப்பட்ட விஷயம் அவளுக்குக் கல்வி அலுவலகத்தில் தெரியவந்தது.

"உதயா, நெசமா ஒண்ணும் வரலியா?"

"வந்திருந்தா ஒனக்குக் குடுக்காம நான் என்ன செய்யப்போறேன்?"

அது கேள்விதான், பொய்யில்லை.

தபாலகத்துக்கு அவள் அனுப்பிய முறைப்பாட்டை நானே எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மாடசாமி கடைக்கு வந்தார். "தம்பி, ஒங்க கையிலதானே குடுத்தேன். கலியாண வீட்டுக்காரங்ககூட நின்னாங்களே. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

நான் நெற்றியைத் தடவி யோசித்தேன். "ஞாபகமில்லையேண்ணே" என்றேன்.

இருபத்தாறு வருஷச் சேவை. இடைநிறுத்தினார்கள். விசாரணை முடியுமுன் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செத்த வீட்டுக்கு வேண்டிய வெள்ளைத்துணியை இனாமாகக் கொடுத்தேன். தன்னால்தான் இப்படியானது என்று சிவநந்தினி அங்கே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தேற்றினேன். ஒரு நல்ல ஆசிரியனுக்குரிய பொறுமை எனக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

அவள் மறுபடியும் பரீட்சை எழுதினாள். முகவரியை மாற்றவில்லை; தப்பு மாடசாமியுடையது என்றுதான் முடிவாகிவிட்டதே. வயதெல்லை நெருங்குவதால் இதுதான் கடைசி வாய்ப்பு. போன வியாழன் அவள் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தபோது புதுத் தபால்காரர் கடிதத்தைத் தந்தார். என் சட்டைப்பையில் இருக்கிறது. நேர்முகப் பரீட்சை இம்மாதம் பதினான்காம் திகதி.

செய்த பாவத்தையே திரும்பச் செய்கிறவன் இல்லை நான். இந்த முறை கட்டாயம் கொடுத்துவிடுவேன். தீபாவளி வியாபாரம் பத்தொன்பதாம் திகதியோடு முடிகிறது.