சகலைகள் இருவருக்கும் ஒரே பெட்டி

எல்லோரும் என்னை ‘ஒயர்’ என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்து நான்கு. சலவைக்கடை மாடியில் குடியிருக்கிறேன். கதவு, பூட்டு செய்யும் கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. காவல் நிலைய விசாரணைக்கு அழைத்தபடி ஆஜராகிச் சொல்வது யாதெனில்:

எங்கள் முதலாளிக்கு முன்பு இரண்டு கம்பெனிகள். கதவுக் கம்பெனிக்கு மூத்த மருமகனும் பூட்டுக் கம்பெனிக்கு இளைய மருமகனும் மேனேஜர்கள். சகலைகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. சென்ற மாதம் முதலாளி இரண்டையும் ஒன்றாக்கி, பூட்டுக் கம்பெனியின் இணையப் பெயரைக் கதவுக் கம்பெனிப் பெயருக்கு மாற்றுப்பெயராக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் பழைய பூட்டு முகவரிக்கு வரும் மின்னஞ்சல், கதவுக் கம்பெனியில் அதே பெயருள்ள பெட்டியில் போய் விழும். இரண்டு இடத்திலும் ‘மேனேஜர்’ என்றே பெட்டி இருப்பதைச் சொன்னேன். “எல்லாம் ஒரே குடும்பம்தானே, போட்டுவிடு” என்றார். போட்டுவிட்டேன். இளையவருக்கு ‘மேனேஜர்2’ என்று புதுப் பெட்டி கொடுத்தேன். பெயருக்குப் பின்னாலிருந்த அந்த ‘2’ஐப் பார்த்துவிட்டு அவர் மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை.

இளையவர் அதற்கு முன்பே, மாமனாருக்குத் தெரியாமல், ஒரு ஜன்னல் கம்பெனிக்கு வேலை கேட்டுப் பழைய முகவரியிலிருந்து எழுதியிருக்கிறார். “மேனேஜர் அவர்களுக்கு, புதன்கிழமை நேர்காணலுக்கு வரவும்” என்ற பதில் மூத்தவர் பெட்டியில் விழுந்தது. அவர் தன் திறமை ஊரெங்கும் பரவிவிட்டதாக எண்ணி, பல்வலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். பதில் வராத இளையவர் போன் செய்து விசாரித்து, புதன்கிழமை என்று அறிந்து, அவரும் பல்வலி என்று லீவு எழுதினார்.

புதன்கிழமை ஜன்னல் கம்பெனி வரவேற்பறையில் இருவரும் எதிர்ப்பட்டு, கைகலப்பாகி மீன்தொட்டி உடைந்தது. அப்போது நான் அங்கில்லை. மூத்தவர் போனில் அழைத்ததன்பேரில் போனேன். மூத்தவர் முட்டிபோட்டு டீக்கப்பில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இளையவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். “என் லெட்டரத் திருடி இவர்கிட்ட குடுத்தது நீதானே?” என்று என் சட்டையைப் பிடித்தார். நான் யாருடைய கடிதத்தையும் திறக்கவில்லை. பெட்டி விவரத்தை அங்கேயே சுவரில் விரலால் வரைந்து விளக்கினேன்.

மூத்தவர் கப்போடு எழுந்து, “அப்போ நீயும் மாமாவ விட்டுப் போகத்தான் பாத்தியா?” என்றார்.

“பின்ன? எத்தன வருஷம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறது, அண்ணே?”

மூத்தவர் இளையவர் தோளில் இருந்த கண்ணாடித் துண்டைத் தட்டிவிட்டார். இருவரும் சேர்ந்து புதுத் தொட்டி வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

வேலை இருவருக்கும் கிடைக்கவில்லை. நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜன்னல் கம்பெனி நிர்வாகி அம்மா, “எங்க மெயிலும் ஆறு மாசமா எங்கயோ போகுது. நீங்க வந்துடுறீங்களா?” என்று கேட்டார். சரி என்றேன். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. ஆகவே இதன் நகலை எங்கள் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, பொய் கலக்கவில்லை.

(ஒப்பம்)