பினாட்டு காயட்டும்

கஜாலினி: நான் பிள்ளையளுக்கு என்ன சொன்னனான் எண்டு இப்ப வடிவா ஞாபகமில்லை, பவா அக்கா… பொறுங்கோ, யோசிக்கிறன்.

பவதாரணி: யோசியும். ஆனா படகுக்காரர் பொறுக்கமாட்டார். நான் எழுவைதீவு சுத்திப் பார்க்க வரேல்லை, கஜாலினி. எங்கட நூலகத்தில இருந்து உம்மட முன்பள்ளிக்குப் பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பினனான். ஒண்டும் திரும்பேல்லை.

கஜாலினி: துலைக்கேல்லை அக்கா. வீட்டில பத்திரமா வைச்சிருக்குதுகள்.

பவதாரணி: வைச்சிருக்கவோ குடுத்தனாங்கள்? இரவல் எண்டா திருப்பித் தரவேணும். அதைச் சொல்லிக் குடுக்கேல்லையே நீர்?

கஜாலினி: சொன்னனான்! இரவல் எண்டா அதுகளுக்கு விளங்கேல்லை. அதால… பக்கத்து வீட்டு ஏனம் மாதிரி எண்டு சொன்னனான். கறி வந்த ஏனத்தைக் கழுவித் திருப்பிக் குடுக்கிறமெல்லே, அப்பிடி.

பவதாரணி: ஐயோ! கழுவிப்போட்டுதுகளோ?

கஜாலினி: இல்லை, இல்லை! பகிடி விடாதேங்கோ.

பவதாரணி: பகிடி இல்லை. எங்கட நூலகப் பெரியவர் சொல்லிப்போட்டார். இண்டைக்குப் புத்தகம் வராட்டி இந்தத் தீவுக்கு இனிப் பெட்டியே இல்லையாம். அதுதான் வெறும் பெட்டியோட வந்து நிக்கிறன்.

கஜாலினி: பிறகு அதுகள் எதைப் பார்க்கிறது அக்கா?… அந்தா, அம்பிகை வருகுது. என்ர வகுப்புப் பிள்ளை. அம்பிகை, யானைப் புத்தகம் எங்கை?

அம்பிகை: வீட்டில, ரீச்சர்.

பவதாரணி: ஏனம்மா கொண்டுவரேல்லை?

அம்பிகை: பினாட்டு காயேல்லை, அன்ரி.

பவதாரணி: பனம்பழக் களியைக் காயவைச்சு எடுக்கிற பினாட்டோ? அதுக்கும் புத்தகத்துக்கும் என்ன?

அம்பிகை: வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கக் கூடாதெண்டு அம்மா சொன்னவ. ஏதாவது வைச்சுத்தான் குடுக்கவேணும். மழை. பினாட்டு காயவே இல்லை.

கஜாலினி: கடவுளே… ஏனம் எண்டு சொன்ன நான் இதை யோசிக்கேல்லையே!

பவதாரணி: அப்ப மற்றப் பிள்ளையள்?

அம்பிகை: அவையும் வைக்க ஏதாவது தேடுகினம். றஜீபன் கருவாடு வைக்கப்போறன் எண்டவன். நான் விடேல்லை. மணக்கும்.

பவதாரணி: நல்ல வேளை!

அம்பிகை: இண்டைக்கு நல்ல வெயில். காய்ஞ்சிருக்கும். கொண்டுவரட்டே?

கஜாலினி: ஓடு பிள்ளை! எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா!

பவதாரணி: …வருவினமோ?

கஜாலினி: வருவினம் அக்கா.

பவதாரணி: படகுக்காரர் கயிறை அவிழ்க்கிறார், இன்னும் காணேல்லையே.

கஜாலினி: அங்கை பாருங்கோ! ஒழுங்கை முட்டப் பிள்ளையள் வருகுதுகள்!

பவதாரணி: ஓ… புத்தகத்தைத் தலையிலயெல்லே வைச்சுக்கொண்டு வருகுதுகள்! அண்ணை, படகை எடுத்துப்போடாதேங்கோ! எண்ணும், கஜாலினி, எண்ணும்.

கஜாலினி: ஒவ்வொண்டு மேலயும் ஏதோ இருக்கு… சிப்பி… பனங்கிழங்குப் புழுக்கொடியல்… இதென்ன, செவ்வரத்தம்பூ… அக்கா, ஒரு புத்தகமும் குறையேல்லை! ஒரு தாளும் மடங்கேல்லை!

அம்பிகை: இந்தாங்கோ அன்ரி. பினாட்டை உள்ளுக்கு வைக்கேல்லை. ஒட்டும். மேல வைச்சனான்.

பவதாரணி: கெட்டிக்காரி! …ம், நல்லாக் காய்ஞ்சிருக்கு. கஜாலினி, பெட்டியை இஞ்சால எடும். புத்தகங்களை அடுக்குவம்.

கஜாலினி: அக்கா… வெறும் பெட்டி எண்டெல்லே சொன்னனீங்கள்? தூக்கவே ஏலாமல் கிடக்கு!

பவதாரணி: திறந்து பாருமன்.

அம்பிகை: ரீச்சர், புதுப் புத்தகம்! திமிங்கிலம்!

கஜாலினி: அப்ப பெரியவர் சொன்னது?

பவதாரணி: அது மெய்தான்.

கஜாலினி: இதுகள் கொண்டுவராமல் விட்டிருந்தா?

பவதாரணி: பெட்டியை இஞ்சை விட்டிட்டுப் போய் அவரிட்ட ஏச்சு வாங்கியிருப்பன். வெறும் ஏனம் கொண்டு போகக் கூடாதெண்டு என்ர அம்மாவும் சொல்லித்தான் வளர்த்தவ.