மீட்டர் சுத்துது

— சுத்துதா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

— சுத்துதுங்க. மெதுவா, ஆனா சுத்துது. தண்ணி மீட்டர்ல அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம்தானே?

— அதேதான். சமையல்கட்டுக் குழாயை மூடிட்டியா?

— மூடியாச்சு. வாஷிங் மெஷினையும் நிறுத்தியாச்சு. மாடிக் குழாயை நீங்களே பாத்துட்டு வந்தீங்க. இன்னும் எவ்வளவு நேரம் என்னை இந்த கேட்டு ஓரமாக் குந்த வச்சிருக்கப் போறீங்க? எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாப் பாக்கறாங்க. கம்மலைத் தொலைச்சிட்டுத் தேடறோம்னு நெனச்சிருப்பாங்க.

— பாக்கட்டும். ஒரு லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? மோட்டாரா, கேபிளா, கதவான்னு ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டே வருவேன். இதுவும் அப்படித்தான். எல்லாக் குழாயும் மூடியிருக்கு, சக்கரம் சுத்துது. அப்போ மண்ணுக்கடியில எங்கயோ பைப் ஒழுகுது.

— தரையைத் தோண்டறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. போன வாரம்தான் வாசலைக் கழுவி விட்டேன்.

— கழுவி விட்டியா? எந்தத் தண்ணியில?

— துணி அலசின தண்ணியில, சாமி. பயப்படாதீங்க.

— நீ கிண்டல் பண்ணு. மீட்டர் வர்றதுக்கு முன்னாடி யார் எவ்வளவு கொட்டினாலும் கேக்க ஆளில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. இப்ப அளந்து பில்லைக் கையில குடுத்துட்டாங்க. பக்கத்து வீட்டுல ஆறு பேரு, அதுல ரெண்டு கைக்குழந்தை. நாம மூணே பேரு. அவங்களைவிட நமக்கு ஜாஸ்தி. வெளிய சொன்னா வெக்கக்கேடு.

— நான் என்னதான் பண்ணலை? காய் அலம்பின தண்ணியைச் செடிக்கு ஊத்தறேன். சோப்புப் போடறப்போ குழாயை மூடிடறேன். தண்ணி மிச்சமாகும்னு நீங்க ஃப்ளஷ் டேங்குக்குள்ள பாட்டிலை இறக்கி வச்சதுலேர்ந்து ரெண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கு, அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் போறேன்.

— ரெண்டு தடவை அமுக்கினா அப்புறம் பாட்டில் எதுக்கு?

— அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். இருங்க, இருங்க. நின்னுடுச்சு.

— எது?

— சக்கரம். நீங்களே குனிஞ்சு பாருங்க.

— எப்படி நிக்கும்? நான் எதையும் தொடவேயில்லையே.

— ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மாமா எங்க?

— அப்பாவா? உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு.

— பேப்பர் நாற்காலியில கிடக்கு. பாத்ரூம் கதவு இப்பத்தான் திறந்துச்சு, எனக்குச் சத்தம் கேட்டுச்சு.

— அப்பா! அப்பா, இங்க கொஞ்சம் வாங்க!

— வர்றேன், வர்றேன். என்னடா இது, கடைசி பஸ்ஸை விட்டவங்க மாதிரி ரெண்டு பேரும் குந்தியிருக்கீங்க?

— இவ்வளவு நேரம் உள்ள குழாயைத் திறந்து வச்சிருந்தீங்களா?

— கை கழுவினேன்.

— அரை மணி நேரமா?

— நல்லாக் கழுவினேன்.

— அப்பா, விளையாடாதீங்க.

— காலமெல்லாம் கண்டக்டர் வேலை பாத்தவன்டா நான். ஊர்ல இருக்கற அழுக்கு நோட்டெல்லாம் இந்தக் கையிலதான் ஏறி இறங்கினது. அந்தப் பழக்கம் லேசுல போகுமா?

— ரிட்டயராகி எவ்வளவு காலமாச்சு, மாமா!

— அதான் பாரும்மா, கழுவிக் கழுவி ரேகையே தேஞ்சு போச்சு.

— நீ சிரிக்காதே. அப்பா, ராத்திரியும் இதே கதைதான். ரெண்டு மூணு தடவை எழுந்திரிக்கிறீங்க. தூக்கத்துல நான் மழை பெய்யுதுன்னு நெனச்சுக்கறேன்.

— தூக்கம் வரலைன்னா எழுந்து முகம் கழுவிக்கறேன். அது ஒரு குத்தமா?

— அதுக்கு எதுக்குக் கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு அவ்வளவு நேரம்?

— கூட்டத்துல நசுங்கி நசுங்கியே பாதி ஆயுசு போச்சு. கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா நிக்கறது ஒரு சொகம்டா. விடு.

— விட முடியாதுப்பா. அந்தப் பாத்ரூமுக்குப் போற வால்வை இப்பவே மூடிடறேன். காலைல ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி நிரப்பி வச்சிடறேன். உங்களுக்கு அது தாராளம்.

— வாளி எதுக்குடா? குழாயை நூல் மாதிரி திறந்து வச்சுக்கறேன். தெரியவே தெரியாது.

— நீங்க நூல் மாதிரி விட்டதுதான் இங்க சுத்திக்கிட்டு இருந்துச்சு.

— அப்போ குளியலைக் கொறைச்சுக்கறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். எனக்கென்ன, வெயில்லயா அலையறேன்?

— ஏங்க, இவ்வளவு தூரம் கேக்கறாரு. விட்டுடுங்களேன்.

— நீ நடுவுல வராதே. ஸ்கூல் படிக்கறப்போ இவர் பஸ்ல ஏறினா எனக்கும் டிக்கெட் கிழிச்சுத்தான் குடுப்பாரு. மத்த பசங்க முன்னாடி. பெத்த புள்ளையா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்னு சொன்னது யாரு? சொல்லுங்கப்பா, யாரு சொன்னது?

— நான்தான் சொன்னேன்.

— அப்புறம்?

— ஒண்ணுமில்லை. வால்வை மூடிக்க.

*

— சாயங்காலம் ஆயிடுச்சு, சக்கரம் சும்மா கிடக்கு பாத்தியா? நீ பாத்திரம் தேச்சப்போ கொஞ்சம் ஓடுச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போய் தரையைத் தோண்ட இருந்தேன்.

— மெதுவாப் பேசுங்க. மாமா மத்தியானம் தட்டைத் தொடவேயில்லை. குடிக்கத் தண்ணி குடுத்தா, அப்படியே திருப்பிக் குடுக்கறாரு.

— கோவம். நாளைக்குச் சரியாயிடும்.

— கோவம்னா ஒரு எடத்துல உக்காந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. இவரு உக்காரவே மாட்டேங்கறாரு. கூடத்துக்கும் பாத்ரூமுக்குமா நடக்கறாரு. உள்ள போனா வாளியிலேர்ந்து மொண்டு மொண்டு ஊத்தற சத்தம். வெளிய வந்தா சட்டையெல்லாம் வேர்வை.

— வாளித் தண்ணியைச் சும்மா கீழ ஊத்தறாரா?

— நீங்க முதல்ல மீட்டரை விட்டு வெளிய வாங்க. நான் ஒண்ணு சொல்றேன். அத்தை போனதுக்கு அப்புறம் மாமா யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசினதே இல்லை. ஜோக் அடிச்சே சமாளிச்சிடறாரு. குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் வெளிய கேக்காம உள்ள அழறாரோன்னு எனக்குத் தோணுது.

— அப்பாவா? அழறதா?

— ஆம்பிளைங்க வேற எங்க போய் அழுவாங்க? போய்ப் பேசுங்க. நானும் வர்றேன்.

— அப்பா. என்னப்பா, லைட்டுகூடப் போடாம நிக்கறீங்க? உக்காருங்க.

— நிக்கறேன்டா. பழக்கம்தானே.

— அம்மா ஞாபகமா?

— உங்கம்மாவா? அவளை ஏன்டா இப்ப இழுக்கற? அவ பாட்டுக்கு நிம்மதியாப் போய்ச் சேந்துட்டா.

— இல்ல, என்மேல கோவம்னா நாலு வார்த்தை திட்டிடுங்க. எல்லாம் நல்லதுக்குத்தான். இப்படியே போனா பக்கத்து வீட்டைவிடக் கம்மியா வந்துடும். உங்களாலதான்.

— சந்தோஷம்டா.

— குரல் ஏன் இப்படி நடுங்குது?

— மாமா, எதுக்கு அந்தச் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? ஏங்க, லைட்டைப் போடுங்க. அடிவயிறு இப்படி உப்பிக் கிடக்கே!

— நீ கொஞ்சம் உள்ள போம்மா.

— என்னன்னு சொல்லுங்க மாமா. டாக்டருக்கு ஃபோன் பண்ணட்டுமா?

— போம்மா. தப்பா நெனைக்காதே. இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்.

— சரி மாமா. சமையல்கட்டுலதான் இருக்கேன், கூப்பிடுங்க.

— அவ போயிட்டாப்பா. சொல்லுங்க.

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன்.

— அவகிட்ட சொல்லக் கூடாது.

— சொல்லலை. அழுதீங்களா?

— அழுகையா? போடா. குழாய்த் தண்ணி விழற சத்தம் கேட்டாத்தான்டா கொஞ்ச காலமா எனக்கு ஒண்ணுக்கே வருது. காலைல நீ வால்வை மூடினதுலேர்ந்து ஒரு சொட்டுகூடப் போகலை.